நீரிழிவும் நெடுநடையும்

கதிர்காமக் கொடியேற்றம் அணுகுங் காலத்தில், வேல் தாங்கிய அடியார் கூட்டம் கல்லடிப் பாலத்தைக் கடந்து எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வதை நம் ஊரார் ஆண்டுதோறுங் கண்டு வருகின்றனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டோரும், வெருகலிலே சேர்ந்தோரும், மாமாங்கத்திலே இராத் தங்கியோரும் அக்கூட்டத்திற் கலந்திருப்பர். 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற இரும்புப் பாலத்தின்மேல் நம் பாட்டன்மார் நடந்தனர். 2013இல் அதன் அருகே எழுந்த புதுப் பாலத்தின்மேல் நாம் நடக்கின்றோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இடையிலே ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊருக்கு ஊர் அன்னதானமும், மோரும், சர்க்கரைத் தண்ணீரும். திருக்கோயில், பொத்துவில், பாணமை கடந்து உகந்தைமலையை அடைந்த பின்னர் ஊரென்று ஒன்றில்லை, காடுதான். கூமுனையிலே தங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்னும் தங்கல்களிலே உறங்கி எழுந்து மாணிக்க கங்கைக் கரையைச் சேர ஐந்தாறு நாள் செல்லும். மட்டக்களப்பிலிருந்து கணக்கிடின் முழு வழியும் இருநூறு கிலோமீற்றருக்கு மேற்படும்.

இவ்வாறு செல்லும் கூட்டத்திலே நீரிழிவு உடையார் எத்தனை பேர் என்று எவருங் கேட்பதில்லை. கேட்டாலும் வாய் திறந்து சொல்வாரில்லை. 'சீனி வருத்தக்காரன் எங்கே நடக்கப் போகிறான்' என்று வீட்டார் தடுப்பர் என்பதனால் ஒளிப்பார் சிலர். நேர்த்திக்கடன் செல்வார்க்கு மருந்தெதற்கு என்று குளிசையை வீட்டிலே விட்டு வருவார் சிலர். இரண்டுக்கும் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவார் பலர். 2005, 2006ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் நிகழ்த்தப்பெற்ற பேராய்வொன்று, இருபது வயது கடந்தோரிற் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டென்று கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும் நம் பகுதி மாத்திரம் தப்பியிருக்கும் என்று எண்ணுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. வைத்தியசாலைக் கிளினிக்கு நாளிலே வரிசையிற் காத்திருப்போரை எண்ணிப் பார்த்தாற் போதும். ஆகவே, நீரிழிவாளர் நெடுவழி நடக்கலாமா, மலை ஏறலாமா என்னும் வினா நமக்கு வெறும் வாதப்பொருள் அன்று.

இவ்வினா புதியதும் அன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூலின் சிகிச்சைப் பகுதியிலே, மேக நோயாளர்க்கு விதிக்கப்பெற்ற முறையொன்று உண்டு. பொருளும் சுற்றமும் இல்லாத நோயாளன் செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்றுண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காது, முனிவன் போல் மனத்தை அடக்கி, நூறு யோசனை தூரமோ அதற்கு மேலோ நடக்கக் கடவன் என்பது அதன் கருத்து. பசு நிரையின் பின்னே திரிதலும், உழுதலும், கிணறு தோண்டுதலும் அங்கேயே சொல்லப்பெறுகின்றன. செல்வனும் விலக்குப் பெறவில்லை. சாமையையும் நெல்லியையும் விளாவையும் உண்டு காட்டிலே மான்களோடு வாழ் என்று அவனுக்கும் விதி எழுதினர். யோசனை என்பது இத்தனை மைல் என்று உரைகாரர் ஒருமிக்கச் சொல்வதில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் நூறு யோசனை பல நூறு மைலாகும். நம் பாதயாத்திரைக்காரன் செய்வதும் ஏறத்தாழ இதுதானே! செருப்பில்லை, குடையில்லை, அன்னதானச் சோறு, ஊருக்கோர் இரவு. இனிப்புச் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்த அக்காலத்தார், உடலை உழைக்கவைப்பதே மருந்தென்பதையும் கண்டிருந்தனர்.

ஆயினும் அவர்கள் நோயை இரு வகையாகப் பிரித்ததையும் நாம் மறக்கலாகாது. பிறவியிலேயே வருவது ஒன்று. உணவாலும் ஒழுக்கக் குறைவாலும் வருவது மற்றொன்று. முன்னையவன் மெலிந்திருப்பான், பின்னையவன் பருத்திருப்பான் என்றும், மெலிந்தவனைப் போஷிக்கவேண்டும் என்றும் எழுதினர். நூறு யோசனை நடை எல்லார்க்கும் ஒரே அளவான மருந்தென்று அவர்கள் கருதவில்லை. நம்மவர் பலர் விதியின் முன்பாதியை மாத்திரம் பிடித்துக்கொள்வது வழக்கம்.

இனி, நீரிழிவோடு மலை ஏறிய ஒருவரை நாம் அறிவோம். அவர் படம் நம் மன்றங்கள் பலவற்றின் சுவரிலே தொங்குகின்றது. அவரை இந்தக் கண்கொண்டு நாம் பார்த்ததில்லை, அவ்வளவே. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரி 15ஆம் நாள் கொழும்பிலே வந்திறங்கினார். கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார். வழியிலே தம்புள்ளைக்கு அருகில் வண்டிச் சில்லு முறிய, மாட்டு வண்டியிலே செல்ல நேர்ந்தது. மட்டக்களப்புப் பக்கம் அவர் வந்திலர். தமிழ்நாட்டிலும் வங்கத்திலும் ஓயாத வரவேற்புக்களின் பின்னர் அவர் உடல் நைந்தது, நீரிழிவு வெளிப்பட்டது. ஓய்வுக்கென டார்ஜிலிங்குக்கும், பின்னர் அல்மோராவுக்கும் அனுப்பப்பட்டார். அல்மோராவிலே அவர் கட்டிலிற் கிடக்கவில்லை. காலையும் மாலையும் குதிரை ஏறி மலைவழியிலே விரைந்து சென்றதனால் உடல் மிகத் தேறியதென்றும், இளமையிலே மற்பயிற்சி செய்த நாள்களின் பின் இவ்வளவு நலத்தை உணர்ந்ததில்லை என்றும் வைத்திய நண்பர் ஒருவர்க்கு அந்த ஆண்டு மே மாதத்திலே எழுதினார்.

மறுவருடம், 1898 ஆகஸ்டு 2ஆம் நாள், காசுமீரத்து அமரநாத குகையை அடைந்தார். அக்குகை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,880 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றரே என்பதனால், அதன்மேல் முக்காற் பங்கு உயரத்தை இன்னும் ஏற்றி வைத்துப் பார்த்துக்கொள்க. சகோதரி நிவேதிதை உடன் சென்றார். வழிநெடுக யாத்திரிகர்க்குரிய நியமங்களைச் சுவாமிகள் ஒன்றும் விடவில்லை; உறைபனி உருகி ஓடும் ஐந்து ஆறுகளிலும் மூழ்கினார்; கோவணத்துடனே குகையினுட் புகுந்தார். அங்கே தாம் பெற்ற சிவதரிசனத்தை வாழ்நாள் முழுவதும் நினைவிற் கொண்டிருந்தார். ஆனால், அந்நேரத்திலே இதயம் நின்றுபோயிருக்க வேண்டும், அதற்குப் பதிலாக நிலையாக விரிந்துவிட்டது என்று மருத்துவர் ஒருவர் பின்னர் கூறியதையும் நிவேதிதையே எழுதி வைத்தார். நம் மேடைகளிலே அமரநாத தரிசனம் பேசப்படும். மருத்துவர் சொன்னது பேசப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்ததே வரலாறு.

1901 சனவரியிலே, பனி விழும் வழியில் இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்கும் சென்று மீண்டார். அந்த ஆண்டிலே வங்கத்து வைத்தியர் ஒருவர் தண்ணீரையும் உப்பையும் விலக்குமாறு விதிக்க, வங்கக் கோடையிலே மூன்று வாரம் அதனைக் கடைப்பிடித்தார். மன உறுதியிற் குறைவேயில்லை. மருந்துதான் உலகில் இல்லை. 1902 சூலை 4ஆம் நாள், முப்பத்தொன்பது வயதிலே, உடலை நீத்தார். அன்றைக்கு இன்சுலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. அவர் சென்ற அதே மாயாவதிக்கு நாற்பதாண்டளவின் பின் நம் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் சென்று, 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராயிருந்தார் என்பது நம் வாவிக்கரைக்கு அந்த மலையோடுள்ள உறவு.

அடிகளார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்திற் பிறந்தவர் ரொபின் லோறன்சு என்னும் மருத்துவர். 1920இல் தமக்கு நீரிழிவென்று அறிந்தார். அக்காலத்திலே இளைஞர்க்கு வரும் நீரிழிவுக்குப் பட்டினி போடுதலே வைத்தியம். அதுவும் சாவைச் சிறிது தள்ளிவைப்பதேயன்றித் தடுப்பதன்று. வீட்டார் கண்முன் இறவாதிருக்க இத்தாலிக்குச் சென்று அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையே 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. செய்தி அறிந்த லோறன்சு 1923இல், மெலிந்து நலிந்த உடலோடு, இலண்டனுக்குத் திரும்பிச் சென்று ஊசி ஏற்றுக்கொண்டார். பின்னர் 1968 வரை வாழ்ந்தார்! 1934இலே, தாமும் நீரிழிவாளராகிய நாவலாசிரியர் எச். ஜி. வெல்சுடன் சேர்ந்து நீரிழிவாளர்க்கென ஒரு சங்கம் நிறுவினார்.

நமக்கு வேண்டியது அவர் 1926இல் வெளியிட்ட சிறு ஆய்வு. இன்சுலின் ஏற்றிய பின் உடலை உழைக்கவைத்தால், அதே அளவு இன்சுலின் அதிகமாக வேலை செய்கின்றது என்று அவர் காட்டினார். இதன் உட்பொருளை விளங்கிக்கொண்டால் மலையேறுவோர், நெடுவழி நடப்போர் எல்லார் கதையும் விளங்கிவிடும். நடக்குந் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். நோயில்லாதவன் நடக்கத் தொடங்கியதும் அவன் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊசி போட்டவனுக்கோ, தோலின்கீழ் இறங்கிய மருந்து இறங்கியதுதான். அவன் வீட்டிலே இருக்கின்றானா, பாணமை மணலில் நடக்கின்றானா என்பதை அது அறியாது. கணையத்தைத் தூண்டும் குளிசைகள் சிலவும் அப்படியே. எனவே சீனி அளவுக்கு மீறி இறங்கும். வியர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், மயக்கம் வரும். பகல் முழுதும் நடந்தவனுக்கு இது நள்ளிரவிலும் வரலாம். தசை தான் செலவிட்ட சீனியை இரவிலே திரும்பச் சேமிப்பதே அதற்குக் காரணம். மறுபுறம், இன்சுலின் போதாத நிலையிலே கடுமையாக உழைத்தால் சீனி இறங்குவதற்குப் பதிலாக ஏறவுங் கூடும். பொஸ்டன் நகரத்து மருத்துவர் எலியற் ஜொஸ்லின், உணவு, இன்சுலின், உடலுழைப்பு மூன்றையும் ஒரு தேரிற் பூட்டிய மூன்று குதிரைகள் என்பார். குதிரை ஒன்றைத் தட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்தால் தேர் குடைசாயுமன்றோ?

இக்கணக்கு கைவந்த பின்னர் நிகழ்ந்தவை பல. அவற்றை விரைந்து சொல்லிச் செல்வோம். பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர் வசீம் அக்ரம் 1997இல் தமக்கு நீரிழிவென்று அறிந்த பின்னும் ஆறாண்டு ஆடி, 2003 உலகக் கிண்ணப் போட்டியிலே ஒருநாள் ஆட்டங்களில் ஐந்நூறாவது விக்கெற்றை வீழ்த்தினார். அவர் ஆடிய போட்டிகளை வானொலியிலே கேட்டவர் நம்மிற் பலர். அந்த மனிதர் இன்சுலின் போட்டுக்கொண்டு பந்து வீசினார் என்பதை அறிந்தோர் சிலரே. ஆங்கில நாட்டுப் படகோட்டி ஸ்ரீவ் ரெட்கிரேவ், அதே 1997இல் நோய் கண்டு, 2000ஆம் ஆண்டு சிட்னியிலே ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் பெற்றார். மலைக்கு வருவோமாயின், 2006 மே மாதத்திலே இன்சுலினால் வாழும் இருவர் ஒரு வார இடைவெளிக்குள் எவரெஸ்ட் உச்சியிலே நின்றனர். ஒருவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த கெரி விங்க்ளர். மற்றவர் அமெரிக்கராகிய வில் குரொஸ். விங்க்ளர் உலகத் தரையிலே மிகத் தாழ்ந்த இடமாகிய சாக்கடற் கரையிற் புறப்பட்டு, சைக்கிளிலே நேபாளம் வந்து, பின்னர் ஏறினார். (நம் தீவினர் ஒருவர் அவ்வுச்சியை முதன்முதல் அடைந்தது 2016 மே 21இலேதான், ஜயந்தி குரு உத்தும்பால என்னும் பெண்மணி அவர்.)

மலை ஏறும் நீரிழிவாளர்க்குக் குளிரே பெரும்பகை. இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். ஆகையால் அதனை உடுப்பினுள்ளே, நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பர். சீனி அளக்கும் கருவியும் குளிரிற் பிழையாகச் சொல்லும். நமக்கோ ஆடி மாதத்து வெயில். உறைந்த இன்சுலின் எப்படியோ, வெந்த இன்சுலினும் அப்படித்தான். பனிக்கட்டி இல்லாத கூமுனைக் காட்டிலே, ஈரமணல் இட்ட சிறு மண்முட்டியினுள் தண்ணீர் புகாத உறையிலே மருந்தை வைத்து, முட்டியை ஈரத்துணியாற் சுற்றி நிழலிலே தூக்கிச் செல்வதே எளிய வழி. எவரெஸ்டிலே நெஞ்சுச் சூடு, இங்கே மண்முட்டி.

ஆயினும் நம் வழியிலே சீனியினும் பெரிய இடர் பாதம். நீண்ட நாள் நீரிழிவு கால் நரம்பின் உணர்ச்சியை மெல்ல மெல்லக் கெடுக்கும். கடற்கரை மணலின் கொதிப்பும், காட்டு முள்ளும் அவனுக்குத் தெரியா. கொப்புளம் புண்ணாகும், புண் ஆறாது, பின்னர் விரல் போகும், சிலர்க்குக் காலே போகும். 'வெறுங்காலோடு நடப்பதல்லவா விரதம்' என்பார்க்கு நாம் சுசுருதர் நூலையே மீண்டும் காட்டுவோம். நோயாளனைச் செருப்பின்றி நடக்கச் சொன்ன அதே நூல், நாளொழுக்கம் கூறும் இடத்திலே, எந்நேரமும் வெறுங்காலோடு திரிதல் நலத்தையும் ஆயுளையுங் குறைக்கும், கண்ணுக்கும் கேடு என்று கூறிப் பாதரட்சையைப் போற்றுகின்றது. முன்னதை எழுதிய காலத்திலே நரம்புணர்ச்சியைச் சோதிக்க வழியில்லை. இன்று ஒரு நைலோன் இழை கொண்டு சில நிமிடத்திலே வைத்தியர் சோதித்துச் சொல்லிவிடுவார். கோயில் வீதியிலே கழற்றுதல் வேறு, காட்டிலே கழற்றுதல் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு நடந்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். படுவான்கரையிலே வயல் செய்பவர். நாம் எல்லாரும் மாமா என்றே அழைப்போம். அவர்க்குச் சீனி வருத்தம் உண்டென்பது எமக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விரதமென்று ஒன்றும் உண்ணாமல், ஆனால் மனைவிக்குக் கொடுத்த வாக்கின்படி காலைக் குளிசையை மாத்திரம் விழுங்கிவிட்டு, பொத்துவிலிலிருந்து எம்மோடு புறப்பட்டார். பத்து மணியளவிலே அவர் வழியை விட்டு விலகி நடப்பதைக் கண்டோம். அழைத்தோம்; பொருந்தாத விடை வந்தது. அருள் வந்துவிட்டதென்று ஒருவர் அரோகரா சொன்னார், நாமும் சொன்னோம். அதை நினைக்க இன்றும் நாணமாயிருக்கின்றது. கூட்டத்திலே வந்த ஓய்வுபெற்ற தாதி அம்மையார்தாம் அவர் கையைத் தொட்டுப் பார்த்து, உடம்பு நனைந்து குளிர்ந்திருப்பதைக் கண்டு, "அருளுமில்ல ஒண்டுமில்ல, சீனியக் கரைச்சுக் கொண்டாங்க" என்று சத்தமிட்டார். விழுங்கும் நினைவு அவர்க்கு இருந்தது நல்லூழ். கால் மணி நேரத்திலே எழுந்திருந்து, "ஏன் மனே எல்லாரும் என்னயே பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்த ஆண்டு அவர் பாணமையிலிருந்து பஸ்ஸிலே வீடு திரும்பினார். கதிர்காமம் போக இயலாதவர்க்குச் சின்னக் கதிர்காமமாகிய மண்டூர் இருக்கின்றது என்று நாம் ஆறுதல் கூறினோம். குருமண்வெளித் துறையிலே பாதை ஏறி வாவியைக் கடந்து அங்கே போய் வந்தார். ஆனால் மனம் ஆறவில்லை. பின்னர்த் தாமே கிளினிக்கிலே வைத்தியரிடம், "நான் நடக்கத்தான் போறன், எப்படி எண்டு சொல்லுங்க" என்று கேட்டார். நடக்கும் நாள்களுக்கெனக் குளிசை அளவு மாற்றி எழுதப்பட்டது. விரதமென்றாற் பழமும் பாலும் மணிக்கணக்கு வைத்து உண்ணச் சொன்னார்கள். இரண்டு மாதம் அதிகாலையிலே வாவிக் கரையோரம் நாளுக்கு நாள் தூரங் கூட்டி நடந்தார். மறு ஆண்டு வெள்ளைக் காலுறையும், ஓரளவு பழகிய சப்பாத்தும் அணிந்து வந்து நின்றார். வேலுக்குப் பின்னே சப்பாத்தோடு வருவதா என்று முதியோர் இருவர் முகஞ்சுளித்தனர். மாமா வாதாடவில்லை. வேலுக்கு ஐம்பது பாகம் பின்னால் நடந்தார். மடியிலே குளுக்கோசுப் பொட்டலம் ஒன்று, நம் ஒவ்வொருவர் மடியிலும் அவர்க்கென ஒன்று.

காட்டிலே தங்கல்தோறும் மாலையில் அவர் முதற் செய்த வேலை, சப்பாத்தைக் கழற்றித் தட்டிப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்து உள்ளங்காலின்கீழ் பிடித்துப் பார்த்ததே. வியாழையிலே நம் இளைஞர் அதைப் பார்த்துச் சிரித்தனர். மாணிக்க கங்கைக் கரையிலே கால் கழுவிய பின், சப்பாத்தை இடுப்புத் துண்டிலே கட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணாடியை எடுத்தார். முன்னர் முகஞ்சுளித்த முதியவர் ஒருவர் பக்கத்திலே வந்து குந்தினார். கொஞ்ச நேரம் பேசாதிருந்துவிட்டு, "முடிச்சிட்டுத் தாங்க தம்பி, எனக்கும் பதினெட்டு வருசமாச் சீனி" என்று கை நீட்டினார்.